எல்லோரும் அட்மின்

என் பெரியம்மா ஜோதியம்மாளைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இன்னாத்துக்கு, நான் செத்தா பூட்டேன்?" என்பதுதான். உயிரோடு இருப்பவர்களைப் பற்றியும் எழுதலாம் என்று விளக்கினேன். அப்படியானால் அந்த நீலப் புடவையைக் கட்டியிருந்ததாக எழுது என்றாள். ஆகவே வாசகர்கள் இந்தக் கதை முழுக்க அவள் நீலப் புடவையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளவும். பெரும்பாலும் அது பொய். பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிட்டோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையின் ஓரத்தில் ஒரு புங்கமரம் நிற்கிறது. அதனடியில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுக்கு காபியும் சுண்டலும் விற்கிறவள் என் பெரியம்மா. மற்ற நாட்களில் ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதிக்கு அறைகள் சுத்தம் செய்யப் போவாள். பெரியப்பா கருப்பன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையைப் பார்த்துக்கொள்வார். மழை நினைத்தால் அது விளையும், நினைக்காவிட்டால் இல்லை. மலையைச் சுற்றி நடக்கிறவர்களுக்குப் பௌர்ணமி என்றால் புண்ணியம். நானும் சேர்ந்து சாப்பிடுகிற அந்த வீட்டுக்கு அது அடுத்த மாதத்து அரிசி. அந்த மரத்தடி போய்விட்டால் அரிசியும் போய்விடும்.

பல வருஷங்களாக அந்த மரத்தடிக்கு ஒரே எதிரி, ஒரு பச்சை லாரி. பாதையை ஆக்கிரமித்துக் கடை போட்டவர்களின் சாமான்களை அள்ளிக்கொண்டு போக அது வரும். அண்டா, அடுப்பு, மேசை, குடை எல்லாம் ஏறும். திருப்பி வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். அதற்குள் நம் அண்டாவின் மூடி வேறு யாருடைய அண்டாவையோ மூடிக்கொண்டிருக்கும். லாரி அப்படியொன்றும் பெரியது கிடையாது, வேகமும் கிடையாது. ஆனால் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதிகாரம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், வருகிற நேரத்தைச் சொல்லாமல் வர முடிவது என்பேன். சாமிக்கு அடுத்தபடி அது அந்த லாரிக்குத்தான் இருந்தது.

அதை அந்த லாரியிடமிருந்து பிடுங்கியது ஒரு உடைந்த குழாய்.

பெரியம்மா வேலை செய்யும் விடுதியின் முதலாளி, வேலையாட்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார். பெரியம்மா மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் செய்தி பழசாகிவிடும். மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினால் பேச்சு அப்படியே போய்ச் சேர்ந்துவிடும் என்பதை அந்தக் குழுவில்தான் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் மாடியறையில் குழாய் உடைந்துபோக, அதைச் சொல்ல மைக்கைத் தேடினால் மைக்கையே காணோம். இனிமேல் அட்மின் மட்டும்தான் பேசலாம் என்று முதலாளி மாற்றி வைத்திருந்தார். அட்மின் அவர் ஒருவர்தான். கடைசியில் தண்ணீரே மாடிப்படி இறங்கி வந்து முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னது. திட்டு மட்டும் பெரியம்மாவுக்கு.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. போனை என் முன்னால் வைத்து, பாதையில் கடை போடுகிறவர்களுக்கு ஒரு குழு வேண்டும் என்றாள். ஆரம்பித்துக் கொடுத்தேன். என்ன பெயர் வைக்கட்டும் என்றேன். ஏதாவது நல்லதாக வை என்றாள். 'கிரிவலப் பாதை அவசரப் பாதுகாப்புப் பேரவை' என்று வைத்தேன். ஏதோ சாமி பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அட்மின் என்றால் என்ன என்று கேட்டாள். மற்றவர்கள் வாயை மூடவும், பிடிக்காதவரை வெளியே தள்ளவும் அதிகாரம் உள்ளவர் என்றேன்.

"அப்ப எல்லாரையும் அட்மின் ஆக்கு."

அப்படியெல்லாம் செய்யக்கூடாது, யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் தள்ளிவிடுவார்கள், உலகத்தில் ஒரு குழுவும் அப்படிக் கிடையாது என்று எனக்குத் தெரிந்தவரை எடுத்துச் சொன்னேன்.

"பந்தியில ஒக்கார வெச்சிட்டு ஒருத்தருக்கு எல போட்டு, ஒருத்தருக்கு வெறுந்தரையில சோறு வெப்பியாடி நீ?"

நான் செய்து தரமாட்டேன் என்று அடம் பிடித்ததும், எங்கே அழுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு தானே உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெயராக விரலால் அழுத்தி, வாயால் அந்தப் பெயரைச் சொல்லி, கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுக்கிறவளைப் போல எல்லோருக்கும் அட்மின் கொடுத்து முடித்தாள்.

நான் சொன்னதுதான் நடந்தது. வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் கரும்பு ஜூஸ் மெஷின் வைத்திருக்கிற முருகையன், நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் கூழ் விற்கிற ராணியம்மாளின் கூழில் தண்ணி ஜாஸ்தி என்று குழுவில் பேசிவைத்தார். ராணியம்மாள் அவரை நீக்கினார். பொரி விற்கிற தனம் அவரை மறுபடி சேர்த்து அட்மினும் ஆக்கினாள். சேர்ந்த வேகத்தில் அவர் ராணியம்மாளை நீக்கினார். தினமும் ஒரு ஆட்சி கவிழ்ந்தது. பெரியம்மா யாரையும் நீக்கவில்லை. மைக்கை அழுத்தி, இரண்டு பேரும் சுக்கு காபி குடிக்க வரலாம், ஆனால் ஒன்றாக வந்தால்தான் ஊற்றுவேன் என்றாள். ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு வந்தார்கள். வந்தும் சண்டை போட்டார்கள், ஆனால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

பச்சை லாரி முதல்முறை தோற்றது அதற்கடுத்த பௌர்ணமியில். செங்கம் ரோட்டிலிருந்து அது பாதைக்குள் திரும்பும்போதே ராணியம்மாளின் குரல் எல்லாருடைய போனிலும் பேசிவிட்டது. லாரி நிருதி லிங்கம் தாண்டி, சூரிய லிங்கம் தாண்டி, அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தபோது பாதை கழுவிவிட்டதுபோல் கிடந்தது. பெரியம்மா அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, மேலே துணியை விரித்து, நெற்றி நிறைய விபூதியோடு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்தவர் கடை எங்கே என்று கேட்டார். மலை சுற்ற வந்தேன் சாமி, முட்டி வலிக்கிறது என்றாள். லாரி வெறுமையாகத் திரும்பியது. வெறும் லாரி மேடுபள்ளத்தில் போகும்போது எழுப்புகிற தடதட சத்தத்தை அந்தப் பாதையில் எத்தனையோ பேர் நின்று கேட்டார்கள். அன்று மங்கள வாத்தியம் அதுதான்.

வெற்றி கொஞ்சம் தலைக்கு ஏறியது. ஒரு பௌர்ணமியன்று, லாரி வருகிறது, கூடவே இடிக்கிற இயந்திரமும் வருகிறது என்று ஒரு செய்தி குழுவில் ஓடியது. ராணியம்மாள் பயந்துபோய் ஒரு அண்டா கூழைக் கொல்லையில் ஊற்றிவிட்டு ஓடினார். லாரியே வரவில்லை. யார் சொன்னது என்று தேடினால், இவரைக் கேட்டால் அவர் சொன்னதாகச் சொன்னார், அவரைக் கேட்டால் யாரோ சொன்னார்கள் என்றார். அந்த யாரோவை இன்றுவரை பிடிக்க முடியவில்லை. சர்க்கார் ஒரு லாரியால் செய்ய முடியாததை ஒரு பொய் செய்துவிட்டது என்று பெரியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று அவள் போட்ட சட்டம் இன்றும் அந்தக் குழுவில் நடப்பில் இருக்கிறது. யார் பேசினாலும் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். எங்கே நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். தன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். வேறு எதுவும் கூடாது, பூப்போட்ட காலை வணக்கம் உட்பட.

பிறகு ஒரு நாள் பெரியம்மாவின் போன் சுக்கு காபி அண்டாவுக்குள் விழுந்தது. அது ரிப்பேருக்குப் போயிருந்த சமயத்தில் லாரி வந்தது. பாதையெங்கும் தகவல் போய்விட்டது, அவளைத் தவிர. தனம் ஓடிவந்து சொல்லித்தான் அண்டாவைத் தூக்கினாள். அன்று வீட்டுக்கு வந்து, "நான் இல்லாமலே எல்லாம் நடக்குது பாரு" என்றாள். அதில் வருத்தம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று அவள் முகத்தைப் பார்த்து என்னால் பிரிக்க முடியவில்லை. நான் கேலி செய்ய ஏதோ ஒன்று தயாராக வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு அவளுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, நான் வைத்த பெயர் வேலையைக் காட்டியது. பேரவை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு தலைவி இருக்கிறாள் என்று யாரோ மேலே சொல்லிவிட்டார்கள். வேங்கிக்காலில் ஒரு ஆபீசுக்கு வரச் சொல்லி பெரியம்மாவுக்கு அழைப்பு வந்தது.

அந்த அறையில் நான் இல்லை. ஆனால் அங்கே நடந்ததைப் பெரியம்மா சொல்லி நான் கேட்டதற்குக் கணக்கே கிடையாது. அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் செழியன் அண்ணன் பிற்பாடு தன் பங்கைச் சொன்னார். இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் எது சுவாரஸ்யமோ அதை எடுத்துக்கொண்டேன்.

அதிகாரியின் பெயர் கோதண்டராமன். நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். போன பௌர்ணமியில் கூட்டத்துக்கு நடுவே ஒரு ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டதையும், கடைகள் பாதையை அடைத்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். பெரியம்மா தலையாட்டினாள். அது நிஜம், அவளே பார்த்தாள். பாதையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பொட்டல் இருக்கிறது, இனிமேல் கடையெல்லாம் அங்கேதான் என்றார். பேரவையின் சார்பில் சம்மதம் என்று அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

"நான் போட முடியாதுங்க ஐயா. அவங்கள கேக்கணும்."

"நீங்கதானேம்மா தலைவி. நீங்க சொன்னா கேப்பாங்க."

"கேக்க மாட்டாங்க. நான் சொல்லி சண்டையக்கூட நிறுத்த மாட்டேன்றாங்க."

அவர் சிரித்தார். தன்னடக்கம் என்று நினைத்திருப்பார். பெரியம்மா போனை எடுத்து, மைக்கை அழுத்தி, அவருக்கு எதிரிலேயே பேசினாள். ஜோதி பேசறேன், வேங்கிக்கால்ல ஆபீசர் ஐயா முன்னாடி ஒக்காந்திருக்கேன், கடையெல்லாம் பொட்டலுக்குப் போகணும்னு சொல்றாரு, அவங்கவங்க இன்னா சொல்றீங்க என்று.

பதில் வந்தது. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே பேச ஆரம்பித்தது.

"ராணியம்மா பேசறேன், நிருதி லிங்கத்துல. பொட்டலை என் கண்ணால பாத்தேன். லைட்டு இல்ல, தண்ணி இல்ல, பொம்பளைங்க ஒதுங்க ஒரு மறைவு இல்ல. அங்க எங்க போவோம்னு அந்த ஐயாவ கேளு ஜோதி."

"முருகையன், வாயு லிங்கத்துல, மெஷினாண்ட. பொட்டலுக்கு நடந்து பாத்தேன். மலை சுத்தறவன் ஒருத்தனும் பாதைய உட்டு அம்மாந்தூரம் வரமாட்டான். ஜூஸ நானே புழிஞ்சி நானே குடிச்சிட்டு வரணும்."

வளையல்காரர், கிழங்கு விற்கிறவர், விபூதிப் பை விற்கிறவர் என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு குரலும் பெயரைச் சொன்னது, இடத்தைச் சொன்னது, கண்ணால் பார்த்ததைச் சொன்னது. அடுத்த அறையில் இருந்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். டீ கொண்டுவந்தவர் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். மலையைச் சுற்றி இருக்கிற பாதை முழுக்க அந்த ஒரு மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசியது என்று செழியன் அண்ணன் சொன்னார். அவர் கவிதையெல்லாம் எழுதுகிறவர், மன்னித்துவிடலாம்.

கோதண்டராமன் போதும் என்றார். பெரியம்மா, இது என் கையில் இல்லைங்க என்றாள். செழியன் அண்ணன்தான் யோசனை சொன்னார். அட்மின் மட்டும் பேசலாம் என்று மாற்றிவிட்டால் சத்தம் நின்றுவிடும், பிறகு அம்மாவோடு தனியாகப் பேசலாம். பெரியம்மா போனைத் தயங்காமல் நீட்டினாள். அண்ணன் குழுவின் அமைப்புகளுக்குள் போய் அழுத்தி, "இனிமே யாரும் பேச முடியாது சார்" என்றார்.

"தனம் பேசறேன், ஆதி அண்ணாமலையார் கோயிலாண்ட," என்றது போன்.

அண்ணன் திரும்ப ஒருமுறை பார்த்தார். மாற்றியது மாற்றியபடியேதான் இருந்தது. முருகையன் மறுபடி பேசினார். அண்ணன் குழுவின் பெயர்ப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அட்மின் என்று இருந்தது. கடைசிப் பெயர் வரைக்கும்.

"சார், இதுல எல்லாருமே அட்மின்."

கோதண்டராமன் போனை வாங்கித் தானே பார்த்தார். யார் இப்படிச் செய்தது, இப்படிச் செய்யக்கூடாது என்று சொல்ல ஆள் இல்லையா என்று கேட்டார். வீட்ல ஒரு பொண்ணு சொல்லிச்சிங்க, நான்தான் கேக்கல என்றாள் பெரியம்மா. என் வாழ்க்கையில் ஒரு அரசு அலுவலகத்தில் என் பெயர் நல்லவிதமாக எடுபட்டது அந்த ஒரு முறைதான். பெயரைக்கூட அவள் சொல்லவில்லை.

சங்கங்களைச் சமாளித்துப் பழகியவர் அவர். ஒரு சங்கம் என்றால் தலைவரைக் கூப்பிடலாம், செயலாளரைக் கூப்பிடலாம், மிரட்டலாம், கெஞ்சலாம், மாலை போடலாம். இதில் யாரைப் பிடிப்பது? பெரியம்மாவை அங்கேயே உட்கார வைத்துவிட்டால்கூட குழு நடந்துகொண்டிருக்கும். காபி அண்டாவுக்குள் போன் விழுந்த வாரத்திலேயே அது ருசுவாகிவிட்டது.

அவர் தவிப்பைப் பார்த்து பெரியம்மாவுக்கே பாவமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் போகணும்ன்றது நியாயம்தான் ஐயா, அதுக்கு இன்னா வழின்னு கேட்டுச் சொல்றேன் என்றாள். மறுபடி மைக்கை அழுத்தினாள். அன்று முழுக்கச் சண்டை. முருகையன் ராணியம்மாளை நீக்கினார், ராணியம்மாள் திரும்ப வந்து முருகையனை நீக்கினார். பொழுது சாய்வதற்குள் ஒரு முடிவு வந்தது. எல்லோரும் பாதையை விட்டு, ஓரத்து வாய்க்கால்வரை பின்னால் தள்ளிக்கொள்வது. வாய்க்காலை ஒட்டி ஒரு கோடு போடுவது. கோட்டைத் தாண்டி ஒரு ஸ்டூல்கூட வரக்கூடாது.

கோட்டைக் கோலமாவால் போட்டார்கள். அவரவர் கடை முன்னால் அவரவர். நிருதி லிங்கத்தில் ராணியம்மாள் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர், அவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர். பெரியம்மா தன் பங்குக் கோட்டில் நடுவே ஒரு தாமரை போட்டுவிட்டாள், கை சும்மா இருக்காது. கோதண்டராமன் வந்து பார்த்தார். தாமரையைத் தாண்டித்தான் கால் வைத்தார். வரப்போகிற பௌர்ணமி ஒன்றுக்கு மட்டும் இருந்துகொள்ளுங்கள், ஒரு பிரச்சினையும் இல்லாமல் போனால் பிறகு பார்க்கலாம், பிரச்சினை வந்தால் பொட்டல்தான் என்றார். வாயால்தான் சொன்னார். காகிதம் ஏதும் இல்லை.

அந்தப் பௌர்ணமிக்குக் கூட்டம் வழக்கத்தைவிட ஜாஸ்தி. மலையைச் சுற்றி லட்சக்கணக்கான பேர் நடந்தால், லட்சக்கணக்கான போன்களும் கூட நடக்கின்றன. சாயங்காலத்துக்குள் டவர் படுத்துவிட்டது. குழுவில் ஒரு செய்தியும் போகவில்லை. அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அதுவும் கிரிவலம் போகிறதோ என்னவோ.

அப்போது பார்த்துப் பச்சை லாரி வந்தது.

ஓட்டி வந்தவர் மணிவேல். அவருக்குக் கிடைத்திருந்தது பழைய உத்தரவு. புதிய ஏற்பாட்டை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆட்கள் இறங்கித் தனத்தின் பொரி மேசையைத் தூக்கினார்கள். அடுத்தது புங்கமரத்தடி. சுற்றி நின்றவர்களில் சிலர் கையை முறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே ஒருவர் ஒரே ஒரு அடி கொடுத்திருந்தால் போதும், பிரச்சினை என்று ஆகிவிடும், மரத்தடி அன்றோடு முடிந்திருக்கும். பெரியம்மா இரண்டு கையையும் விரித்து அவர்களைத் தடுத்து நிறுத்தினாள். கோடு போட்டிருப்பதை மணிவேலிடம் காட்டினாள். அதிகாரி சொன்னதைச் சொன்னாள்.

"எனக்கு சொன்னது இதாம்மா," என்றார் மணிவேல். "சாரு வேணாம்னு சொன்னா இறக்கி வெச்சிட்டுப் போறேன். போன் போடு."

அவரும் போட்டுப் பார்த்தார். போகவில்லை. கோதண்டராமன் அப்போது குபேர லிங்கத்துப் பக்கம் பந்தலில் இருந்தார். அங்கே நடந்து போய் வருவதற்குள் லாரி நிறைந்துவிடும்.

பெரியம்மா கையிலிருந்த போனை ஒரு தரம் பார்த்தாள். அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். கோட்டின்மேல் போய் நின்று, அடுத்த கடையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"ஜோதி பேசறேன், அடி அண்ணாமலை புங்கமரத்தாண்ட. லாரி வந்து தனத்தோட மேசைய ஏத்திட்டாங்க, என் கண்ணால பாத்தேன். குபேர லிங்கத்துல இருக்கற ஐயாகிட்ட சொல்லுங்க. சொல்லி, அவரு இன்னா சொன்னாருன்னு சொல்லுங்க."

அடுத்த கடைக்காரர் அதற்கு அடுத்தவரிடம் அதை அப்படியே சொன்னார். அவர் அதற்கு அடுத்தவரிடம். பாதையில் நடக்கிற கூட்டத்தின் ஓரமாகவே அந்தப் பேச்சும் நடந்து போனது, வாயு லிங்கத்துக்கு, சந்திர லிங்கத்துக்கு, அதற்கும் அப்பால். ஒரு வார்த்தையைக் கூட்டவில்லை, ஒரு வார்த்தையைக் குறைக்கவில்லை. எத்தனை மாதமாக மைக்கை அழுத்தி அழுத்திப் பழகிய வாய்கள். மைக் இல்லாமலும் அது அப்படியேதான் வந்தது.

காத்திருந்தார்கள். மணிவேலின் ஆட்கள் லாரிமேல் சாய்ந்து நின்றார்கள். பெரியம்மா அவர்களுக்குச் சுக்கு காபி ஊற்றிக் கொடுத்தாள். ஒருவர் வாங்கத் தயங்கினார். குடிப்பா, தூக்கறதுன்னா குடிச்சிட்டுத் தூக்கு என்றாள்.

பதில் வந்தது. எல்லோரும் நடக்கிற திசைக்கு எதிராக, கடை கடையாக நீந்தி வந்தது. கடைசியில் அதை எடுத்துக் கொடுத்தது முருகையனின் கரகரத்த தொண்டை.

"கோதண்டராமன் பேசறேன், குபேர லிங்கத்துப் பந்தல்ல நிக்கிறேன். கோட்டை நான் என் கண்ணால பாத்தேன். ஏத்தினத இறக்கிட்டு வண்டிய எடு. மணிவேலு, பின்கதவ சங்கிலி போடாம ஓட்டாதேன்னு உனக்கு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்."

மணிவேல் மெதுவாகத் திரும்பித் தன் லாரியைப் பார்த்தார். பின்கதவு சங்கிலி இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாருதான்," என்றார். "மேசைய இறக்குங்கப்பா."

அந்த இரவு பாதையில் பிரச்சினை என்று ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. கோட்டுக்குள் நின்ற கடைகளைத் தொடாமல், வழிவிட்ட கூட்டத்தின் நடுவே நேராகப் போனது. அதைப் பார்த்துப் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பொட்டல் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. அடுத்த வாரம் செழியன் அண்ணன் போன் செய்து, சாரையும் குழுவில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். டவர் விழாத நாட்களில் உபயோகப்படும் இல்லையா. பெரியம்மா சேர்த்தாள். சேர்த்த கையோடு அட்மின் ஆக்கினாள். அதெல்லாம் வேண்டாம், வெறும் உறுப்பினராக இருந்தால் போதும் என்று அண்ணன் பதறினார்.

"அவருக்கு மட்டும் வெறுந்தரையா?" என்றாள்.

சேர்ந்த அன்றே கோதண்டராமன் நீளமான உத்தரவு ஒன்றைக் காகிதத்தில் இருந்தபடியே படம் எடுத்துப் போட்டார். பெரியம்மா மைக்கை அழுத்தி, மரியாதையாகத்தான், யாரும் படிக்கலைங்க ஐயா, பேரு, நிக்கிற எடம், கண்ணால பாத்தது, அவ்ளோதான், வாயத் தொறந்து சொல்லுங்க என்றாள். ரொம்ப நேரம் கழித்து ஒரு கனைப்பு வந்தது. பிறகு, "கோதண்டராமன் பேசறேன். வேங்கிக்கால்ல, என் சீட்ல ஒக்காந்திருக்கேன்" என்று ஒரு குரல், முதல்நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை எழுந்து நின்று பேர் சொல்வதுபோல. அதை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வேறு சிலதும் எடுத்து வைத்திருக்கிறேன். பெரியம்மாவின் குரல்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்.

அப்புறம் கரும்பு மெஷினின் புகையைப் பற்றி அவர் ஏதோ சொல்லப்போக, முருகையன் கோபத்தில் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். சர்க்காரையே நீக்கிவிட்டாரே என்று பாதை முழுக்கப் பேச்சு. பெரியம்மா அவரைத் திரும்பச் சேர்த்தாள். பிறகு பழையபடி மைக்கை அழுத்தி, "ரெண்டு பேரும் சுக்கு காபி குடிக்க வாங்க, ஒண்ணா வந்தாதான் ஊத்துவேன்" என்றாள்.

வந்தார்கள். புங்கமரத்தடியில், கோலமாவுக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு அதிகாரியும் ஒரு ஜூஸ்காரரும் ஒரே பலகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று பெரியம்மா காபி ஊற்றினாள். நீலப் புடவைதான் கட்டியிருந்தாள். இது உண்மை.